சாரல் இல்லாத குற்றாலம்: ஃப்ளைட் சிமுலேட்டரில் நம்ம மலை எப்படித் தெரியுது, எதை மறைக்குது?

ஜூன் பிறந்தால் தென்காசிப் பக்கம் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "சீசன் எப்படி இருக்கு?" ஐந்தருவியில் ஐந்து கிளையிலும் தண்ணி விழுதா, மெயின் அருவியில் குளிக்க விடுறாங்களா, பார்டர் கடையில் பரோட்டாவுக்கு எவ்வளவு நேரம் நிக்கணும்... வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க இதேதான்.

இப்போது இதே மலையைப் பார்க்க இன்னொரு வழியும் இருக்கு. பஸ் வேண்டாம், ரூம் வேண்டாம், ஈரத்துண்டும் வேண்டாம். ஒரு குட்டி செஸ்னா விமானத்தில் ஏறி, மேகத்துக்கு நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை மேலே சுற்றி வரலாம். எல்லாம் திரையில்தான். ஃப்ளைட் சிமுலேட்டர் என்றால் ஒரு காலத்தில் பைலட் ஆகப்போகிறவர்களின் சமாச்சாரம், அல்லது லட்ச ரூபாய் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களின் பொழுதுபோக்கு. அந்தக் கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டது. ஜியோஎஃப்எஸ் பிரவுசரிலேயே ஓடுகிறது. இன்ஃபினிட் ஃப்ளைட் மொபைலுக்கென்றே செய்யப்பட்டது. 2025 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் இந்தியாவுக்கு வந்தபிறகு, பெரிய கேம்களைக்கூட கேமிங் பிசி இல்லாமல், சந்தா கட்டி இன்டர்நெட் வழியாக ஆடலாம் என்ற நிலை. ஒரு காசும் செலவழிக்க மனசில்லாதவர்களுக்கு, கம்ப்யூட்டரில் போடும் கூகுள் எர்த்திலேயே 2007-லிருந்து ஒரு சிமுலேட்டர் ஒளிந்திருக்கிறது. கன்ட்ரோல், ஆல்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். நிறைய பேருக்கு இன்னும் தெரியாது.

சரி, எங்கிருந்து கிளம்புவது? தூத்துக்குடி வாகைக்குளம் நல்ல தேர்வு. 2025 ஜூலையில் புது முனையம் திறந்த அதே விமான நிலையம்தான். அங்கிருந்து குற்றாலம் நேர்கோட்டில் சுமார் 85 கிலோமீட்டர். செஸ்னா 172 மணிக்கு 220 கிலோமீட்டர் வேகத்தில் போகும் என்பதால், 25 நிமிடத்துக்குள் மலைச்சுவர் முன்னால் வந்து நிற்கும். பஸ்ஸில் இரண்டரை, மூன்று மணி நேரமாகிற தூரம். திருவனந்தபுரத்தில் இருந்து கிளம்பினால் இன்னும் பக்கம், 65 கிலோமீட்டருக்குள். ஆனால் அந்த வழியில் மலையை முதுகுப்பக்கமாகப் பார்ப்பீர்கள். கிழக்கிலிருந்து வருவதுதான் அழகு. வறண்ட செம்மண், பனை, காற்றாலை, குளம் குளமாகத் தண்ணீர்... அதற்கப்புறம் திடீரென்று எழுந்து நிற்கும் பச்சை. தெற்கே அகத்தியமலை 1,868 மீட்டர், அதாவது 6,100 அடிக்கு மேல். 7,000 அடியில் பறந்தால் எதிலும் இடிக்க மாட்டீர்கள். இடித்தாலும் ஒன்றும் ஆகாது, ரீஸ்டார்ட்தான்!

முதல் தடவை பார்க்கிறவருக்கு இது பிரமிப்புதான். அதில் சந்தேகமே இல்லை. நம்ம ஊர் மலை, நம்ம ஊர் குளம், ஏதோ வெளிநாட்டு கேமில் அச்சு அசலாக வந்து நிற்கிறதே என்று ஒரு சிலிர்ப்பு வரும். சிலிர்ப்பு அடங்கினதும் ஐந்தருவியைத் தேடுவீர்கள். அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

அருவி எங்கே போச்சு?

இந்த மலையை யாரும் கையால் வரையவில்லை. வரையவும் முடியாது. 2020 ஆகஸ்ட்டில் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் பயன்படுத்தும் வரைபடத் தரவு 2 பெட்டாபைட்டுக்கு மேல். நம் கணக்கில் சுமார் 20 லட்சம் ஜிபி. பிரான்சின் அசோபோ ஸ்டூடியோ கேமை உருவாக்கியது. பிங் மேப்ஸின் செயற்கைக்கோள் படங்களை ஆஸ்திரியாவின் பிளாக்ஷார்க் நிறுவனத்தின் ஏஐ பார்த்து, இது வீடு, இது மரம், இது ரோடு என்று பிரித்து, சுமார் 150 கோடி கட்டடங்களை எழுப்பி வைத்தது. விமான நிலையங்கள் மட்டும் 37,000. அவ்வளவும் போனுக்குள்ளோ ஹார்டு டிஸ்க்கிலோ அடங்காது. நீங்கள் பறக்கப் பறக்க, கீழே இருக்கும் நிலம் மட்டும் சர்வரிலிருந்து வந்துகொண்டே இருக்கும். 2024 நவம்பர் 19-ம் தேதி இதன் அடுத்த பதிப்பு வந்த அன்று, உலகமே ஒரே நேரத்தில் ஏற முயற்சி செய்ததில் சர்வர் திணறி, பாதிப் பேர் லோடிங் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது தனிக்கதை.

மலையின் உயரம் எப்படித் தெரியும்? இதற்கு 2000-ம் ஆண்டுக்குப் போக வேண்டும். அந்த வருடம் பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் பூமியைச் சுற்றி, ரேடார் மூலம் உலகின் நிலப்பரப்பில் சுமார் 80 சதவிகிதத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்தது. அதில் கிடைத்தது 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அதற்குப் பிறகு இதைவிட நுணுக்கமான அளவுகள் பல வந்துவிட்டன, நம்ம இஸ்ரோவின் கார்ட்டோசாட் உட்பட. ஆனாலும் இலவசமாக, உலகம் முழுக்கக் கிடைத்த முதல் நல்ல அளவு என்பதால் எத்தனையோ வரைபடங்களுக்கும் சிமுலேட்டர்களுக்கும் அடித்தளம் அதுதான்.

30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்றால் என்ன அர்த்தம்? உலகத்தையே 30 மீட்டர் அகலக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஒரு உயரத்தை எழுதி வைக்கிறோம். சமவெளிக்கு இது தாராளம். அருவிக்கு? குற்றாலம் பேரருவி சுமார் 60 மீட்டர் உயரம். ஆனால் அது செங்குத்து. வானத்தில் இருந்து நேர் கீழே பார்த்தால் அது பிடிக்கிற இடம் ஒரு கட்டத்துக்குள் முடிந்துபோகும். இந்தக் கட்டத்தில் ஓர் உயரம், பக்கத்துக் கட்டத்தில் இன்னோர் உயரம். இரண்டையும் கம்ப்யூட்டர் கோடு போட்டு இணைக்கும். செங்குத்துப் பாறை ஒரு சறுக்குமரமாகிவிடும். அதன் மேல் மேலிருந்து எடுத்த போட்டோவை இழுத்து ஒட்டினால், பாறையும் தண்ணியும் சேர்ந்து ரப்பர் மாதிரி நீண்டு, கலங்கலான ஒரு பட்டையாகத் தெரியும். ஐந்து கிளைகளைத் தனித்தனியாகப் பிரிப்பதெல்லாம் பேராசை. ரொம்பப் பிரபலமான இடங்கள் என்றால் ஆள் வைத்துத் தனியாகச் செய்வார்கள். மற்ற அருவிகளுக்கு எல்லாம் இந்த சறுக்குமரம்தான்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. காடு அடர்ந்த மலையில் ரேடார் தரை வரைக்கும் போகாது. மரத்தலைகளில் பட்டே பெரும்பாலும் திரும்பிவிடும். ஆக, சிமுலேட்டரில் மலை என்று நாம் பார்ப்பது, பல இடங்களில் மலையும் அதன் மேல் நிற்கிற மரமும் சேர்ந்த உயரம். அதன் மேல் ஏஐ மறுபடியும் மரம் நட்டால், மரத்தின் மேல் மரம்.

அதுவும் என்ன மரம்? குற்றால மலையில் சோலைக்காடு இருக்கு, பழைய எஸ்டேட்டுகளின் கிராம்பும் ஜாதிக்காயும் இருக்கு, ரப்பர் இருக்கு. சீசனில் ரோட்டோரம் விற்கிற மங்குஸ்தானும் டுரியானும் எங்கிருந்து வருது என்று நினைக்கிறீங்க? ஆயிரம் அடிக்கு ஒரு காடு மாறுகிற மலை இது. ஏஐக்குப் பச்சை என்று தெரியும். எந்தப் பச்சை என்பதில்தான் தகராறு.

எப்போதும் மார்ச் மாதம்

என்னைக் கேட்டால், அருவி காணாமல் போனதைவிடப் பெரிய விஷயம் வேறு ஒன்று.

செயற்கைக்கோள் படத்துக்கு மேகம் ஆகாது. அதனால் வரைபடக் கம்பெனிகள் மேகமே இல்லாத நாளின் படமாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து ஒட்டுகின்றன. குற்றால மலை மேகமில்லாமல் பளிச்சென்று தெரியும் நாள்கள் எப்போது? சீசன் இல்லாத காலம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டில் மலை எந்நேரமும் முக்காடு போட்டுக்கொண்டுதான் நிற்கும். ஆக, நாம் கொண்டாடுகிற குற்றாலத்தைப் படம் எடுக்கவே முடியாது. சிமுலேட்டரில் இருப்பது அருவியில் நூல் மாதிரித் தண்ணி வடியும் மாதங்களின் குற்றாலம். சீசன் கடை போடாத, காலி பார்க்கிங் குற்றாலம்!

அப்போ திரையில் தெரிகிற அந்த அழகான மூடுபனி? அது தனியாக மேலே போர்த்தியது. சுவிட்சர்லாந்தின் மீட்டியோபுளூ நிறுவனத்திடமிருந்து வானிலைக் கணிப்பை வாங்கி, காற்று, ஈரம், மேகம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு வரைகிறார்கள். இதுவும் சாதாரண வேலை இல்லை. ஆனால் உலகளாவிய வானிலை மாடல்களுக்கும் ஒரு கட்டக் கணக்கு இருக்கு. ஐரோப்பிய மாடலுக்கு சுமார் 9 கிலோமீட்டர், அமெரிக்க மாடலுக்கு சுமார் 13 கிலோமீட்டர் என்ற அளவில்.

குற்றாலச் சாரலுக்குக் காரணம், செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடரில் இருக்கும் ஓர் இடைவெளி. ஆரியங்காவு கணவாய். 1904-ல் கொல்லத்திலிருந்து ரயில் நுழைந்து வந்த அதே வழி. தென்மேற்குப் பருவக்காற்று கேரளாவில் மழையைக் கொட்டிவிட்டு, மிச்ச ஈரத்தோடு இந்தச் சந்து வழியாகப் புகுந்து வருகிறது. மலைக்குக் கிழக்கே இருக்கும் மற்ற ஊர்கள் அதே மாதங்களில் வெயிலில் காயும்போது, தென்காசி மட்டும் குளுகுளுவென்று இருப்பது இதனால்தான். சில கிலோமீட்டர் அகலமே உள்ள சந்து, 9 கிலோமீட்டர் கட்டத்தில் எப்படி அடங்கும்? சிமுலேட்டர் மழை பெய்யும், மேகம் வரும். ஆனால் பத்து நிமிஷம் தூறி, பத்து நிமிஷம் வெயில் அடித்து, மறுபடி முகத்தில் தெளிக்கிற அந்தச் சாரல் வராது.

தப்புகள் சிரிப்பாகவும் வரும். 2020-ல் மெல்போர்ன் புறநகர் ஒன்றின் சாதாரண வீடுகளுக்கு நடுவே 212 மாடி ஒற்றைக் கோபுரம் ஒன்று வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யாரோ 2 மாடிக்குப் பதில் 212 என்று தட்டியிருந்தார்கள். கேமும் மறுபேச்சு இல்லாமல் கட்டிவிட்டது. லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனை சாதா ஆபீஸ் கட்டடம் மாதிரி வந்ததும் அப்போதுதான். அரண்மனைக்கே அந்தக் கதி என்றால், தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் ராஜகோபுரத்தை அது ஓர் அப்பார்ட்மென்ட்டாக நினைத்துக்கொண்டால் கோபப்பட்டு என்ன செய்ய?

இதில் நம்ம பக்கத்துச் சட்ட திட்டங்களும் சேரும். வரைபட விஷயத்தில் இந்தியா ரொம்ப நாள் இறுக்கமாக இருந்தது. 2021 பிப்ரவரியில்தான் விதிகள் தளர்ந்தன. அப்போதும் ஒரு மீட்டரைவிட நுணுக்கமான அளவுகளை இந்திய நிறுவனங்கள்தான் எடுக்கலாம், வெளிநாட்டு நிறுவனம் அவர்களிடமிருந்து உரிமம் வாங்கித்தான் பயன்படுத்தலாம். கூகுள் ஸ்ட்ரீட் வியூ 2022 ஜூலையில் இங்கே வந்தது இப்படி இந்தியக் கூட்டாளிகளைப் பிடித்துத்தான். ஐரோப்பிய நகரங்கள் ஜன்னல் ஜன்னலாகத் தெரியும்போது நம்ம ஊர் பெட்டி பெட்டியாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படத்தைக் கும்பிடும் ஊர்

இவ்வளவு குறை சொன்னதால் இதை வேண்டாம் என்கிறேனா? இல்லை. படத்தைப் படம் என்று தெரிந்தே ரசிக்கிற ஊர் குற்றாலம். நடராஜரின் ஐந்து சபைகளில் குற்றாலத்துக்கு உரியது சித்திர சபை. மற்ற சபைகளில் சிலையாக ஆடுகிறவர் இங்கே சுவரோவியமாக ஆடுகிறார். திருக்குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி செய்வதும் ஒருவகையில் இதுதான். வசந்தவல்லி நின்ற இடத்தில் நிற்க, தன் மலையை முழுசாகச் சொல்லிலேயே சுற்றிக்காட்டிவிடுகிறாள். டேட்டா, சந்தா எதுவும் கேட்கவில்லை.

நிஜமாகவே ஒரு நல்லதும் இதில் இருக்கு. மலைக்கு மேலே பறக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. அந்த ஆசையை நிஜ விமானத்தில் தீர்த்துக்கொண்டால் காட்டுக்குத் தலைவலி. 2023 மே மாதம் ஊட்டி கோடை விழாவுக்காக ஹெலிகாப்டர் சுற்றுலா நடத்தத் திட்டம் போட்டார்கள். யானையும் பறவையும் வாழுகிற மலையில் இந்தச் சத்தம் தேவையா என்று வழக்கு போட, சென்னை உயர் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. ட்ரோனும் அப்படித்தான். கையில் ஒன்று வாங்கிவிட்டோம் என்பதற்காக வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்கு மேலே ஏற்றக் கூடாது. ரீல்ஸுக்கு நல்லா இருக்கும், மாட்டினால் ட்ரோனும் போகும், அபராதமும் வரும். செண்பகாதேவி அருவிக்கும் தேனருவிக்கும் நினைத்த நேரத்தில் நடந்து போவதைக்கூட வனத்துறை அனுமதிப்பதில்லை. அந்தப் பள்ளத்தாக்கின் அமைப்பை, எந்த மலை எந்த மலைக்குப் பின்னால் இருக்கு என்பதை, ஒரு பறவையையும் கலைக்காமல் பார்க்க சிமுலேட்டரை விட்டால் வழியில்லை. சறுக்குமரம் ஆனாலும் பரவாயில்லை!

போலி என்றால் எது தெரியுமா? குற்றாலத்தைச் சுற்றிச் சில தனியார் ரிசார்ட்டுகள், ஓடைத் தண்ணியைத் திருப்பிவிட்டு, தங்குகிறவர்களுக்கென்றே செயற்கை அருவி கட்டின. 2022 இறுதியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இப்படி நீரோட்டத்தை மாற்றிய ரிசார்ட்டுகள் மீது நடவடிக்கை எடுக்க உத்தரவு போட வேண்டியிருந்தது. திரையில் இருக்கிற அருவி யாருடைய தண்ணியையும் திருடவில்லை. இந்த இரண்டில் எது பொய்யான அருவி என்று கேட்டால், என் ஓட்டு ரிசார்ட்டுக்குத்தான்.

அதே தரவு, வேறு வேலை

2024 மே 17. பழைய குற்றாலத்தில் கூட்டம் குளித்துக்கொண்டிருந்தது. கீழே பயப்படும்படி மழை இல்லை. மேலே காட்டுக்குள் கொட்டிய மழை, கண் மூடித் திறப்பதற்குள் வெள்ளமாக இறங்கியது. மக்கள் அலறியடித்துப் படிகளில் ஓடிய வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். சில நாள் எல்லா அருவிகளிலும் குளிக்கத் தடை போட்டார்கள்.

சிமுலேட்டரில் நாம் ஜாலியாகப் பார்க்கிற உயரக் கட்டங்கள் இருக்கிறதே, வெள்ளக் கணிப்புக்கும் முதல் தேவை அதே கட்டங்கள்தான். எந்தச் சரிவில் விழும் மழை எந்த ஓடையில் சேரும், எத்தனை நிமிடத்தில் அருவிக்கு வரும் என்பதை மலையின் மேடு பள்ளம் தெரிந்தால் கணக்குப் போடலாம். 2024 ஜூலை 30-ம் தேதி வயநாடு முண்டக்கை, சூரல்மலையில் நிலச்சரிவு நடந்தபோது, இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படத்தை வைத்துத்தான் சொன்னது: சரிவு தொடங்கியது 1,550 மீட்டர் உயரத்தில், ஏற்கெனவே சரிந்திருந்த பழைய இடத்திலேயே, மண்ணும் பாறையும் ஓடிய தூரம் சுமார் 8 கிலோமீட்டர். இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போன பிறகு வந்த துல்லியம்.

ஒரு பிரெஞ்சு ஸ்டூடியோவால் நம்ம மலையை உட்கார்ந்த இடத்தில் எழுப்ப முடிகிறது என்றால், தொழில்நுட்பம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. பாக்கி இருப்பது மலை மேலே மழைமானி, ஓடையில் நீர்மட்டக் கருவி, அருவியடியில் சைரன், அதை அழுத்த அதிகாரம் உள்ள ஓர் ஆள். உலக மாடலின் 9 கிலோமீட்டர் கட்டத்துக்குள் பழைய குற்றாலத்தின் நீர்பிடிப்பு தொலைந்துபோகும் என்பதால், அங்கேயே நட்டுவைக்கிற கருவி தவிர வேறு குறுக்குவழியும் கிடையாது. கேமுக்கு இந்தத் துல்லியம் போதும், அருவிக்கு அடியில் நிற்கிறவருக்குப் போதாது. மூன்று மாத சீசனை நம்பி ஆட்டோக்காரர் முதல் சிப்ஸ் கடைக்காரர் வரை ஊரே பிழைக்கிறது. 2020, 2021 இரண்டு சீசனும் கொரோனா தடையில் போனபோது அது என்ன பாடு என்று பார்த்தோம். வெள்ள பயத்தில் போடுகிற ஒவ்வொரு தடையும், "எவ்வளவு நேரம், எந்த அருவிக்கு" என்று துல்லியமாக இருந்தால் அவர்களுக்கும் நல்லது.

அதுவரைக்கும், இந்த சீசனில் ஐந்தருவிக்கோ பழைய குற்றாலத்துக்கோ நிஜமாகவே போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: தண்ணி திடீரென்று செம்மண் நிறத்துக்கு மாறினாலோ, இலையும் சுள்ளியும் சேர்ந்து விழ ஆரம்பித்தாலோ, அருவியின் சத்தம் கனத்தாலோ, போலீஸ் விசிலுக்குக் காத்திருக்காதீங்க. போன், செருப்பு, துண்டு எதையும் தேடாமல், பக்கத்தில் இருக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உடனே மேட்டுக்கு ஏறிடுங்க.